அத்தானின் தொண்ணூறு நாட்கள்

10 ஏப்ரல் 2023, திங்கள். நாள் 1

இக்குறிப்பேட்டை நான் விரும்பித் தொடங்கவில்லை. வீட்டில் வைத்துப் பராமரிப்பவர் நாளாந்தம் குறிப்பெழுதுவது நல்லது என்று மறுவாழ்வு நிலையத்தின் ஆலோசகர் சொன்னார். எழுதுவதென்றால் முறையாக எழுத வேண்டும். ஆகவே எழுதுபவர் யார், எதற்காக என்பதை முதலில் பதிவு செய்கிறேன்.

நான் நகுலேஸ்வரன். வயது ஐம்பது. வசிப்பது கனடாவில், ஸ்காபரோவில். தொழில், மின்தூக்கிப் பரிசோதனை. கட்டடங்களின் லிப்டுகள் ஆட்களை ஏற்றத் தகுதியானவையா என்று சோதித்துச் சான்றிதழ் வழங்குவேன், அல்லது வழங்க மறுப்பேன்.

இன்று முற்பகல் பதினொரு மணிக்கு என் அக்கா மங்கையின் கணவர், குணபாலசிங்கம் அத்தான், ஒரு துணிப்பையுடன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வயது ஐம்பத்தெட்டு. லொறி ஓட்டுநராக இருந்தவர். மூன்று ஆண்டுகளாகக் கிராக் கொக்கெயின் புகைத்தவர். நிலையத்தில் தங்கிப் பெற்ற முப்பத்தைந்து நாள் சிகிச்சை நேற்று முடிந்தது. அவரை உடனே வீட்டுக்குள் எடுக்க அக்கா சம்மதிக்கவில்லை. தொண்ணூறு நாள் என் வீட்டில் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

தொண்ணூறு நாட்கள் யூலை 8ஆம் திகதி முடிகின்றன. யூலை 9 அவர்களுடைய ஒரே மகள் ஆரணியின் திருமணம். அத்தான் தவறாமல் இருந்தால், அவரும் அக்காவும் மணவறையில் அமர்ந்து மகளைத் தாரை வார்த்துக் கொடுப்பார்கள். தவறினால், அந்த இடத்தில் நானும் என் மனைவி வதனியும் அமர்வோம். இது அக்காவின் தீர்மானம். அத்தான் தகுதியுடையவரா என்று சொல்ல வேண்டியவன் நான்.

ஒன்பது விதிகளைத் தட்டச்சுச் செய்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். கைத்தொலைபேசி எப்போதும் சமையலறை மேசையில் இருக்க வேண்டும். தனியே வெளியே போகக் கூடாது. இரும்புக் கம்பிச் சுருள் வீட்டில் இருக்கக் கூடாது (புகைக் குழாய்க்குள் அதை வைப்பார்களாம்). குளியலறையில் பத்து நிமிடம். மற்றவையும் இவ்வாறே.

“ஒன்பது விதியோ?” என்றாள் வதனி. “கம்பிச் சுருள் இல்லாமல் அடிப்பிடிச்ச சட்டியை நான் என்னத்தாலை உரஞ்சிறது? பத்தாவதா அதையும் எழுதிவிடுங்கோவன்.”

அத்தான் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார்.

“தம்பி, அஞ்சாவதுதான் இடிக்குது. பத்து நிமிசம் காணாது. எனக்கு மலச்சிக்கல்.”

பதினைந்தாகத் திருத்தி, திருத்தத்தின் பக்கத்தில் கையொப்பமிட்டேன்.

அவருக்குப் பின்பக்க அறையைக் கொடுத்திருக்கிறோம். தொட்டில் வைக்கவென்று பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் மஞ்சள் வர்ணம் பூசிய அறை. தொட்டில் வரவில்லை. வெளிச்சம் நன்றாக வரும்.

நிறை: 54 கிலோ.

11 ஏப்ரல். நாள் 2

பதினாறு மணி நேரம் உறங்கினார். சட்டைப் பைகளைச் சோதித்தேன். ஒன்றுமில்லை. சோதிக்கையில் அவர் கைகளைத் தானாகவே உயர்த்திக்கொண்டு நின்றார். அதை நான் கேட்கவில்லை.

14 ஏப்ரல், வெள்ளி. நாள் 5

வருடப்பிறப்பு. வதனி சாமி அறையில் விளக்கேற்றினாள். லைற்றரைத் தட்டிய சத்தம் கேட்டதும், பின்னால் நின்ற அத்தானின் முகம் வியர்த்தது. இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டார். பெருவிரல்களின் நுனியில் பழைய சூட்டுத் தழும்புகள் உள்ளன. உதட்டிலும் ஒன்று உண்டு.

“என்ன அத்தான், சுகமில்லையோ?” என்று வதனி கேட்டாள்.

“அந்தச் சத்தம், பிள்ளை. காது கேட்டவுடனை நெஞ்சு எழும்பி நிக்குது. மூளைக்கு ஒண்டும் தெரியாது, சனியன் பிடிச்ச நெஞ்சுக்கு எல்லாம் தெரியும்.”

பத்தாவது விதி: வீட்டில் லைற்றர் கூடாது. மாலையில் நெருப்புப்பெட்டி ஒரு டசின் வாங்கினேன்.

20 ஏப்ரல், வியாழன். நாள் 11

குடும்பத்தினருக்கான வகுப்புக்குச் சென்றேன். ஆலோசகர் சொன்னவற்றைச் சுருக்கி எழுதுகிறேன். புகை பத்து விநாடிக்குள் மூளையைச் சென்றடையும். பரவசம் ஐந்து முதல் பத்து நிமிடம்வரை நீடிக்கும். பிறகு அது ஆளை ஏறிய தளத்தில் இறக்கிவிடாது, நிலக்கீழ்த் தளத்தில் இறக்கிவிடும். மீண்டும் மேலே வர இன்னொரு இழுவை வேண்டும். அதனால்தான் ஒருவர் இரண்டு நாள் உண்ணாமல் உறங்காமல் அதையே செய்கிறார். நுரையீரல் கெடும். இதய நாளங்கள் இறுகி, இளவயதினருக்கும் மாரடைப்பு வரும். வலிப்பு வரும். யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம் வரும். வேறு போதைகள் சிலவற்றுக்கு இருப்பதுபோல் இதற்கு மாற்று மருந்து கிடையாது. பழக்கத்தை மாற்றுவதும், பேசுவதும், கூட ஆட்கள் இருப்பதுமே வைத்தியம். இப்போது தெருவில் கிடைப்பதில் பென்ரனில் என்ற கடும் வலிநிவாரணி கலந்திருப்பதால், ஒரே ஒரு தடவை பாவிப்பவரும் இறக்கலாம். மூச்சு நின்றால் மூக்கில் விசிறும் மருந்தைத் தந்தார்கள். அதை நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன்.

வகுப்பில் ஒரு தாய் கேட்டார், “இத்தனை நாளானால் குணமாகிவிட்டார் என்று எப்போது சொல்லலாம்?” ஆலோசகர் அதற்கு எண் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பதில் எனக்குத் திருப்தியளிக்கவில்லை.

7 மே, ஞாயிறு. நாள் 28

நிறை: 60.5 கிலோ. உறக்கம் எட்டு மணி. பின்வளவு வேலியில் இற்றுப்போயிருந்த ஆறு பலகைகளை அத்தான் மாற்றினார். நான் மட்டம் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

வேலைக்கு நடுவில், நான் கேட்காமலே சொன்னார்:

“தண்டர்பே நகருக்கு லொறி ஓட்டம். ரெண்டு நாள் நித்திரை இல்லை. கூட ஓடின ஒருத்தன், ‘இந்தா, முழிச்சிருக்கலாம்’ எண்டு தந்தவன். ஐம்பத்தஞ்சு வயசிலை, நகுலன்! பேரப்பிள்ளை காணுற வயசு. அண்டைக்கு விடியும்வரைக்கும் ஒரு கொட்டாவி இல்லை. றோட்டே என்ரை எண்ட மாதிரி. அதுக்குப் பிறகு மூண்டு வருசமும் அந்த ஒரு நாளைத் தேடித்தான் ஓடினன். அது திரும்பி வரேல்லை.”

சட்பெரிக்கு அருகில் லொறி பள்ளத்தில் விழுந்ததையும் சொன்னார். வெள்ளைக் கார் ஒன்று துரத்துகிறது என்று நம்பித் தெருவை விட்டு இறக்கினாராம். காவல்துறை ஒளிப்பதிவைப் பார்த்தது. தெருவில் வேறு வாகனமே இல்லை.

1992 மாரிக் குளிரில், நான் கனடா வந்து நாலாம் மாதம், ஆங்கில வகுப்புக்குச் செல்ல இவர்தான் இரவு வேலை முடித்த கையோடு தினமும் என்னை ஏற்றிச் சென்றவர். காருக்குள் வெப்பமூட்டி பழுது. தன் கையுறையை எனக்குத் தருவார். இது இங்கே எழுத வேண்டிய விடயமன்று.

27 மே, சனி. நாள் 48

புல் வெட்டினேன். காரின் எண்ணெய் மாற்றினேன். சரிகைக்கரை வேட்டியும் சால்வையும் ஒரு சோடி வாங்கினேன், மாமனுக்கும் ஒன்று தேவைதானே. கடைக்காரர் அகலக்கரையை எடுத்துக் காட்டினார். பொருத்தமாகவே இருந்தது.

கலியாண ஐயருக்குத் தொலைபேசியில் விவரங்கள் கொடுத்தேன். இது முன்னேற்பாடு மட்டுமே.

மாலையில் வதனி வேட்டியை விரித்துப் பார்த்தாள்.

“மாமன்மார் இவ்வளவு கரை உடுத்து நான் காணேல்லை.”

“கடையில் இதுதான் இருந்தது.”

“ம். உங்களுக்கு வடிவாத்தான் இருக்கும்” என்றாள். வேட்டியை மடித்துக்கொண்டே, “அவர் நல்லாத்தானே இருக்கிறார்?” என்றாள்.

நாற்பத்தெட்டு நாட்கள் என்பது தொண்ணூறில் பாதிக்குச் சற்றே மேல் என்று விளக்கினேன்.

2 யூன். நாள் 54

குளியலறையில் பதினேழு நிமிடம். கேட்டேன். “பேப்பர் வாசிச்சனான்” என்றார். பதிவு செய்கிறேன்.

6 யூன், செவ்வாய். நாள் 58

அத்தான் மருத்துவமனையில். உயிருக்கு ஆபத்தில்லை. இன்று இவ்வளவே.

7 யூன், புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை வதனி பல்வைத்தியரிடம் போயிருந்தாள். பத்து மணியளவில் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அத்தான் எடுத்தார். பேசியவர் ஐயர். எடுத்தது யாரென்று அவர் கேட்கவில்லை.

“பெண்ணைத் தாரை வார்க்கிறவர் நகுலேஸ்வரன்தானே? சங்கற்பத்துக்கு அவரின்ரை நட்சத்திரம் வேணும். அண்டைக்குக் கேக்க மறந்துபோனன்.”

அத்தான் நட்சத்திரத்தைச் சொன்னார். நன்றி சொன்னார். தொலைபேசியை வைத்தார். கைத்தொலைபேசியை மேசையிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறிப் போனார்.

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, பன்னிரண்டு மாடிக் கட்டடமொன்றின் இயந்திர அறையில் நான் நின்றபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் தெரியாத எண்களை நான் எடுப்பதில்லை. எடுத்தேன்.

“நகுலன்.” மூச்சிரைத்தது. “ஒருக்கால் இழுத்துப்போட்டன். நெஞ்சு அடிக்குது. மிச்சத்தை ரொய்லற்றுக்குள்ளை போட்டிட்டன். வந்து ஏத்து என்னை.”

கோப்பிக் கடையொன்றில், வேலை செய்யும் பெண்ணிடம் தொலைபேசியை இரந்து வாங்கியிருக்கிறார். என் எண் ஒன்றுதான் அவருக்கு மனப்பாடம். அந்தப் பெண்ணிடம் அம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னேன். பரிசோதனையை இடையில் நிறுத்தி லிப்டைப் பூட்டினேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் இதுவே முதல் தடவை. காரணம் என்ற கட்டத்தில் ‘குடும்பம்’ என்று எழுதினேன்.

இதய நாளம் இறுகியிருந்ததாக வைத்தியர் சொன்னார். மாரடைப்பு இல்லை. வந்தது நல்லது என்றார்.

இன்று காலை அழைத்து வந்தேன். காரில் வரும்போது,

“உத்தரட்டாதி எண்டு சொன்னனான். சரிதானே?” என்றார்.

சரி என்றேன்.

“பிழைக்காது. இஞ்சை வந்த வருசத்திலை இருந்து கோயிலிலை உன்ரை பேருக்கு அர்ச்சனை செய்யிறனான். அது தெரியாமல் இருக்குமே?”

பிறகு, “உன்னிலை பிழை இல்லை, தம்பி. ஐயர் கேட்டதாலை நான் இழுக்கேல்லை. நான் இழுத்ததாலைதான் இழுத்தது. இதை வடிவா எழுது” என்றார்.

எழுதிவிட்டேன். ஆனால் மே 27ஆம் திகதிக் குறிப்பில் ‘முன்னேற்பாடு’ என்ற சொல்லை இன்று மீண்டும் வாசித்தேன். முன்னேற்பாடு எனில் அத்தானிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. ஐயரிடம் பெயரைச் சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது.

விதிப்படி எண்ணிக்கை மீண்டும் தொடங்குகிறது. நாள் 1. திருமணத்துக்கு முன் தொண்ணூறு வராது. முப்பத்திரண்டு வரும்.

9 யூன், வெள்ளி. நாள் 3

செவ்வாயன்று விட்ட பரிசோதனையை முடித்தேன். பிறகு வேறொரு கட்டடத்துக்கு அவசர அழைப்பு. நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. உள்ளிருந்த இருவரையும் தீயணைப்பு வீரர்கள் முன்னரே இறக்கியிருந்தனர். கட்டடப் பொறுப்பாளர் கத்தினார்: “இந்தக் குப்பையைக் கழற்றி எறியுங்கள், இது எங்களைக் கைவிட்டுவிட்டது.”

நான் பார்த்தேன். வேகம் எல்லை மீறியிருக்கிறது. மீறியவுடன் பாதுகாப்புக் கவ்வி இரண்டு பக்கத் தண்டவாளங்களையும் இறுகப் பிடித்திருக்கிறது. “இது கைவிடவில்லை. பிடித்து நின்றிருக்கிறது. வேகம் ஏன் கூடியது என்பதைத் திருத்த வேண்டும். ஆனால் விழவேண்டிய இடத்தில் நின்ற லிப்டை நான் பழுது என்று எழுத முடியாது” என்றேன்.

சொல்லி முடித்த பிறகு அங்கே நிற்க ஒரு காரணமும் இருக்கவில்லை. ஆயினும் சிறிது நேரம் நின்றேன்.

10 யூன், சனி. நாள் 4

அக்கா வீட்டுக்குச் சென்றேன். ஆரணியும் இருந்தாள். செவ்வாய் நடந்ததை முழுவதும் சொன்னேன். ஐயரிடம் என் பெயரை நான் கொடுத்ததையும் சொன்னேன்.

அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமல் பேர் குடுத்தனியோ?”

“ஓம்.”

“ஏனடா?”

பதில் ஒன்றைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அதைச் சொல்லவில்லை. “எனக்கு இருக்க விருப்பமாயிருந்தது” என்றேன்.

ஆரணி எழுந்து வந்து என் கதிரையின் கைப்பிடியில் அமர்ந்தாள். ஐந்து வயதிலும் அப்படித்தான் அமர்வாள்.

“மாமா, அப்பா யூஸ் பண்ணிப்போட்டு ஆருக்குக் கோல் பண்ணினவர்?”

“எனக்கு.”

“எத்தினை தரம் யூஸ் பண்ணினாப் பிறகு?”

“ஒன்று. மிகுதியை எறிந்துவிட்டார்.”

“மூண்டு வருசம், மாமா. அம்மா எத்தினை நாள் றோட்டு றோட்டாத் தேடினவ? ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் எங்களுக்குக் கோல் பண்ணேல்லை.” அவள் அழவில்லை. மூக்கை மட்டும் துடைத்தாள். “இது புதுசு.”

அக்கா சொன்னார்: “தொண்ணூறு எண்டு சொன்னது நான்தான். அந்தக் கணக்கு எனக்கு இனி வேண்டாம். அண்டைக்கு விடிய அவர் உன்ரை வீட்டிலை குளிச்சு, ஒண்டும் பாவிக்காமல் வெளிக்கிட்டு வந்தால், மணவறையிலை இருக்கட்டும். வராட்டி நீயும் வதனியும் இருங்கோ. பிள்ளை எப்பிடியும் கலியாணம் முடிக்கும்.”

வாசலில் அக்கா, “சாப்பிடுறாரோ?” என்று கேட்டார்.

11 யூன். நாள் 5

ஐயரை அழைத்துப் பெயரை மாற்றினேன். “சரி, குணபாலசிங்கம். நட்சத்திரம்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. முப்பத்தோராண்டுகள். தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு மஞ்சள் அறையின் கதவைத் தட்டித் திறந்து, அவருடைய நட்சத்திரம் என்னவென்றேன்.

“கேட்டை” என்றார் அத்தான். “ஏன்?” என்றார். பிறகு ஏனென்று விளங்கியதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

15 யூன். நாள் 9

குழுக் கூட்டத்துக்குச் சென்றோம். செவ்வாய்க்கிழமை பற்றி அத்தான் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். திரும்புகையில் அவருக்குப் பழக்கமான லொறி நிறுத்துமிடத்தைத் தவிர்த்து நீண்ட வழியால் வந்தோம். பன்னிரண்டு நிமிடம் கூடுதல்.

16 யூன். நாள் 10

விதிகள் பத்தையும் இருவரும் மேசையில் வைத்து மீளாய்வு செய்தோம். கைத்தொலைபேசி மேசையில் இருக்க வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. அது அவர் பையில் இருந்திருந்தால் செவ்வாயன்று யாரிடமும் இரந்திருக்க வேண்டியதில்லை. குளியலறை விதியும் நீக்கப்பட்டது.

“அப்ப என்ரை சட்டி?” என்றாள் வதனி.

கம்பிச் சுருள் விதி தொடரும்.

25 யூன், ஞாயிறு. நாள் 19

மழை. அத்தானுக்கு மோசமான நாள். காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்தார். மதியம் என்னிடம் வந்து, “இப்ப வேணும்போலை கிடக்கு. பக்கத்திலை இரு” என்றார். இருந்தேன். சீட்டுக்கட்டை எடுத்து நாற்பது நிமிடம் இருவரும் கடதாசி விளையாடினோம். அவர் இருமுறை கள்ளம் செய்தார். சுட்டிக்காட்டினேன்.

“அப்பாடா, இவன்ரை கண்!” என்று சிரித்தார். அதற்குள் அது கடந்துபோயிருந்தது.

நிறை: 63 கிலோ.

8 யூலை, சனி. நாள் 32

காலையில் கோயில் மண்டபத்துக்குச் சென்று ஏற்பாடுகளைச் சரிபார்த்தேன். அத்தானுடைய கலியாண வேட்டி மூன்று ஆண்டு மெலிவுக்கு முன் வாங்கியது. இடுப்பில் நிற்கவில்லை, கரையிலும் மஞ்சள் கறை. அகலக்கரை வேட்டியை இஸ்திரி போட்டு அவருடைய கட்டிலில் வைத்தேன். கடையில் அதுதான் இருந்தது என்று சொன்னேன்.

9 யூலை, ஞாயிறு. நாள் 33

அதிகாலை ஐந்து பதினைந்துக்கு அத்தான் குளித்தார். ஐந்து ஐம்பதுக்கு வெளிக்கிட்டு வாசலில் நின்றார். வழக்கத்துக்கு மாறாக, பைகளை நான் சோதிக்கவில்லை.

முகூர்த்தம் 10.42. தாரை வார்த்தல் 10.20க்கு. அத்தான் மகளின் கையை ஏந்தினார், அக்கா நீர் வார்த்தார். நீர் சிந்தவில்லை. நான் மூன்றாம் வரிசையில், இடது ஓரத்தில் இருந்தேன். அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. மற்றவை ஒழுங்கின்படி நடைபெற்றன.

மாலையில் அக்கா அத்தானின் துணிப்பையைத் தம் காரில் வைத்தார். வியாழக் கூட்டத்துக்கு வழக்கம்போல் நானே அவரை ஏற்றிச் செல்வேன்.

இக்குறிப்பேட்டில் நாற்பத்தொரு பக்கங்கள் எஞ்சியுள்ளன. இதை எழுத வேண்டியவன் நானல்ல என்று தோன்றுகிறது. அத்தானிடம் ஒப்படைத்தேன். நாளைய குறிப்பு அவருடையது.

10 யூலை. 34

நகுலன், நீ தந்த கொப்பி. குணபாலசிங்கம் எழுதுறன். எனக்கு உன்னைப்போலை எழுத வராது.

இண்டைக்கு என்ரை வீட்டிலை எழும்பினன். மங்கை தேத்தண்ணி தந்தவள். சீனி சரியாப் போட்டிருந்தாள்.

உன்ரை நேற்றையான் குறிப்பை வாசிச்சன். ரெண்டு விசயம் விட்டிட்டாய். ஒண்டு, பிள்ளையின்ரை கையைக் குடுக்கேக்கை மூண்டாம் வரிசையிலை ஒருத்தன் சால்வையாலை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதவன். வதனி அவன்ரை முதுகைத் தடவினவள்.

மற்றது ஓமம் மூட்டின நேரம். ஐயர் பையுக்குள்ளை கையை விட, எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. அந்தச் சத்தம் வரப்போகுது, எல்லாற்றை முன்னாலையும் நான் நடுங்கப்போறன் எண்டு கண்ணை மூடினன். உரசுற சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தால் ஐயரின்ரை கையிலை நெருப்புப்பெட்டி. உன்ரை வீட்டுச் சாமி அறையிலை இருக்கிற அதே பெட்டி.

ஆர் குடுத்தது எண்டு நான் கேக்கேல்லை.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு வெளிக்கிட்டு நிப்பன். நீ நேரத்துக்கு வா.